தொல்லை பிடித்த அம்மா ஆவது எப்படி?

எந்தப் பள்ளிக்கூடமானாலும் ஆபீஸ் ரூமுக்குள் பெற்றோரை இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருப்பார்கள். முதல் வகை 'நல்ல மாதிரி'. கூப்பிட்டால் வருவார்கள், சொன்னதற்குத் தலையாட்டுவார்கள், ஃபீஸைக் கெடு தேதிக்கு முன்பே கட்டுவார்கள். பிள்ளைக்கு உடம்பிலோ புத்தியிலோ ஒரு குறை இருந்துவிட்டால் இன்னும் நல்லவர்களாகிவிடுவார்கள். "ஆண்டு விழாவுல கூட்டம் ஜாஸ்தி, பையன் பயந்துக்குவான், அன்னிக்கு வீட்டுலயே வச்சுக்குங்களேன்" என்றால் வைத்துக்கொள்வார்கள். இன்ஸ்பெக்ஷன் நாளில் லீவு போடச் சொன்னால் போட்டுவிட்டு, அடுத்த நாள் வந்து நன்றியும் சொல்வார்கள். இரண்டாவது வகைக்குப் பெயர் 'தொல்லை'. "அந்தம்மா வருது" என்று வாட்ச்மேன் சொன்னதுமே கரஸ்பாண்டென்ட் பின்வாசல் வழியாக ஒரு அவசர மீட்டிங்குக்குக் கிளம்பிவிடுவாரே, அந்த அம்மா.

முதல் வகை ஆவதற்கு வழிகாட்டி தேவையில்லை. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டார் எல்லாரும் சேர்ந்து இலவசமாகப் பயிற்சி கொடுத்துவிடுவார்கள். இந்தக் கையேடு இரண்டாவது வகைக்கு. சித்தூர், திருப்பதி வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. பெரிய படிப்பு வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். தெலுங்கு தமிழ் வாடையோடு வந்தால் போதும், இந்தப் பக்கம் பாதிப் பேருக்கு அப்படித்தான் வருகிறது. காது கேட்காத, கண் தெரியாத, நடக்க முடியாத, ஆட்டிசம் உள்ள, எழுத்துக் கூட்டி வாசிக்கத் திணறுகிற பிள்ளை ஒன்று வீட்டில் இருந்து, அதை மற்றப் பிள்ளைகளோடு உட்கார்த்திப் படிக்கவைத்தே தீருவது என்ற கெட்ட எண்ணமும் உங்களுக்கு இருந்தால், அதுவே தகுதி.

'இல்லை' என்பதை அடையாளம் காணுதல்

நம் பக்கத்தில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்வதில்லை. மரியாதை தெரிந்த ஜனங்கள். ஆகவே முதல் பயிற்சி காதுக்கு. தெலுங்கில் "சூத்தாம்மா", அதாவது பார்க்கலாம்மா, என்றால் இல்லை. "நம்பர் குடுத்துட்டுப் போங்க, நாங்களே கூப்பிடறோம்" என்றால் இல்லை. "போன வாரம் வந்திருந்தா சீட் இருந்தது" என்றால், போன வாரம் வந்திருந்தாலும் இல்லை. "எங்களுக்கு ஒண்ணுமில்லம்மா, மத்த பேரண்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்பது கொஞ்சம் முற்றிய இல்லை. அந்த மத்த பேரண்ட்ஸ் யார், எப்போது கூடிப் பேசினார்கள், தீர்மானம் எந்த நோட்டில் இருக்கிறது என்பதெல்லாம் தேவரகசியம்.

எல்லாவற்றிலும் உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. "பிள்ளையோட நல்லதுக்குத்தாம்மா சொல்றேன்." இதைச் சொல்வதற்கு முன் தலைமை ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். குரல் இறங்கும். அவருடைய சித்தப்பா பேரனுக்கும் இதே மாதிரிதான் இருந்தது என்பார். எங்கேயோ ஒரு ஹாஸ்டலில் சேர்த்ததும், இப்போது அவன் மெழுகுவர்த்தி அருமையாக வார்ப்பதும் சொல்வார். நீங்கள் நெகிழ்ந்துபோய், எழுந்து கும்பிட்டு, கேட்டைத் தாண்டி ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அட்மிஷன் கிடைக்கவில்லை என்பது உறைக்கும்.

திருப்பதிக்குப் பக்கத்தில் குடியிருப்பதில் தனியாக ஒரு சங்கடம் இருக்கிறது. அங்கே வசதிகள் நிஜமாகவே உண்டு. தேவஸ்தானம் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துகிறது. சிரவணம் என்ற திட்டத்தில் காது கேட்காத சின்னக் குழந்தைகளுக்கும் அவர்களுடைய தாய்மாருக்கும் சேர்த்துப் பேச்சுப் பயிற்சி தருகிறது. கை கால் ஆபரேஷனுக்கு பேர்ட் ஆஸ்பத்திரி இருக்கிறது. எல்லாம் நல்ல காரியங்கள்; பிள்ளைக்குத் தேவை என்றால் அவசியம் போங்கள். ஆனால் பலமநேரிலோ நகரியிலோ இருக்கும் சாதாரணப் பள்ளிக்கு இவை வேறு விதத்தில் உதவுகின்றன. "திருப்பதியில எல்லாம் இருக்கேம்மா" என்று அந்தத் திசையில் கையை நீட்டிவிட்டால் வேலை முடிந்தது. காது கேட்காத பிள்ளைக்கு மட்டுமல்ல, கால் சூம்பிய பிள்ளைக்கும், திக்கிப் பேசும் பிள்ளைக்கும் அதே கை, அதே திசை. கணக்கை யாரும் காலால் போடுவதில்லை என்பது கை நீளும் அந்த நேரத்தில் ஒருவருக்கும் ஞாபகம் வராது.

இன்னும் அக்கறை உள்ளவர்கள், "காளஹஸ்தியில ராகு-கேது பூஜை பண்ணிட்டு வாங்க, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்பார்கள். பூஜையைத் தடுக்க நான் யார்? போய்விட்டு வாருங்கள். அட்மிஷன் ஃபாரத்தை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு போங்கள்.

இதில் நம் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1950-களின் தொடக்கத்தில் நியூயார்க் நகரத்து புரூக்ளினில், போலியோவால் சக்கர நாற்காலிக்கு வந்துவிட்ட ஜூடித் ஹியூமன் என்ற ஐந்து வயதுப் பெண்ணை அவளுடைய அம்மா பள்ளிக்கு அழைத்துப்போனார். பிரின்சிபால் சேர்க்க மறுத்தார். சொன்ன காரணம்: தீப்பிடித்தால் இந்த நாற்காலி ஆபத்து. அந்த அம்மா சும்மா விடவில்லை, மகளும் அம்மாவைக் கொண்டு பிறந்திருந்தாள். 1970-இல், தனக்கு ஆசிரியர் உரிமம் தர மறுத்த அதே நகரத்துக் கல்வி வாரியத்தின்மேல் வழக்குப் போட்டு, சக்கர நாற்காலியில் வந்து பாடம் நடத்திய அந்நகரத்தின் முதல் ஆசிரியரானார் ஜூடித். பிற்பாடு அமெரிக்கக் கல்வித் துறையில் சிறப்புக் கல்விக்கே தலைமை வகித்தார். தொல்லை பிடித்த அம்மாக்களைத் தொடக்கத்திலேயே கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பள்ளி நிர்வாகங்கள் இதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம்.

எழுதிக் குடுங்க சார்

இந்த வித்தைக்கு மூலமந்திரம் இந்த மூன்று சொல்தான். சத்தம் போடக்கூடாது. அழக்கூடாது, அழுதால் ஆயாவிடம் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சிரித்த முகமாக, "சீட் இல்லியா? பரவால்ல சார். இல்லேன்னு லெட்டர்ஹெட்டுல ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க, வீட்டுல காட்டணும்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். பேச்சில் இருக்கும்போது 'இல்லை' வெகு சுலபம்; பேனாவுக்குள் அது இறங்குவதில்லை. கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் கேட்கும். கிளார்க்கைக் கூப்பிட்டு ரெஜிஸ்டரைக் கொண்டுவரச் சொல்வார். இல்லாத சீட் ஒன்று எங்கிருந்தோ எட்டிப் பார்ப்பதும் உண்டு.

அந்த ஒரு வரிக்கு ஏன் அத்தனை பயம்? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இல் வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் அமலில் இருக்கிறது. அதன் 16-ஆம் பிரிவு, அரசு பணம் பெறும் பள்ளியும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியும் பாகுபாடு இல்லாமல் பிள்ளையைச் சேர்த்து, மற்றவர்களோடு வைத்துப் படிப்பிக்க வேண்டும் என்கிறது. "நாங்க பிரைவேட்டும்மா" என்ற பதில் அங்கீகாரம் என்ற இடத்தில் அடிபட்டுப் போகிறது. கல்வி உரிமைச் சட்டம் அதற்கும் மூத்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ளது. அட்மிஷனுக்குப் பிள்ளையை நிறுத்தி ஏபிசிடி சொல்லச் சொல்லிச் சோதித்தால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம், அடுத்தடுத்து ஒவ்வொரு தடவையும் 50,000 வரை. தனியார் பள்ளியில் முதல் வகுப்பிலிருந்து நலிந்தோருக்கு ஒதுக்கவேண்டிய 25 சதவீத இடத்தில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பது 2012-ஆம் வருஷத் திருத்தம்.

இதை வைத்து உலகத்தைப் புரட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். 2016-ஆம் வருஷச் சட்டத்தை முதல் தடவை மீறினால் அபராதம் அதிகபட்சம் 10,000 ரூபாய். திருப்பதியில் பெயர் பெற்ற பள்ளிகளில் ஒரு டெர்ம் ஃபீஸே அதைத் தாண்டும். பள்ளிக்காரர் பயப்படுவது அபராதத்துக்கு அல்ல. அந்தக் காகிதம் என்றைக்காவது அங்கீகாரப் புதுப்பிப்பு ஃபைலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளுமே, அதற்கு.

சரி, எழுதித் தரமாட்டேன் என்கிறார். பெரும்பாலும் அப்படித்தான் சொல்வார். காணிப்பாக்கம் பிள்ளையாரிடம் அழைத்துப்போய்ச் சத்தியம் வாங்கவா முடியும்? நீங்களே எழுதுங்கள். 'இன்ன தேதி, இன்ன நேரத்துக்கு என் மகளைச் சேர்க்க வந்தேன். இன்ன காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். நான் புரிந்துகொண்டதில் தவறு இருந்தால் தெரிவிக்கவும்.' இவ்வளவு போதும். தெலுங்கில் எழுதினால் நல்லது. எதிர்வீட்டில் டிகிரி படிக்கும் பெண் ஒருத்தி எழுதிக் கொடுப்பாள். கையில் கொடுத்து நகலில் ரப்பர் ஸ்டாம்ப் வாங்குங்கள். வாங்க மாட்டேன் என்றால் ஸ்பீடு போஸ்ட். இந்த நிமிஷத்திலிருந்து நீங்கள் அதிகாரபூர்வமாகத் தொல்லை.

நாற்பது என்ற எண்

ஆந்திரத்தில் பிள்ளைக்குக் குறை இருக்கிறது என்பதை அம்மா சொன்னால் ஆகாது, சதரம் சொல்ல வேண்டும். அது ஒரு சாப்ட்வேரின் பெயர். ஊர்வாயில் சர்டிபிகேட்டுக்கே பெயராகிவிட்டது. சச்சிவாலயத்திலோ மீ சேவாவிலோ ஸ்லாட் போட்டு, அரசு ஆஸ்பத்திரி போர்டு முன்னால் பிள்ளையை நிறுத்தி, சதவீதம் வாங்க வேண்டும். 40 வந்தால் பிள்ளைக்குக் குறை உண்டு. 39 வந்தால் பரிபூரண ஆரோக்கியம்.

சித்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு கூடுதல் வேதனை. பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று தோன்றிய அன்றே வேலூர் பஸ் ஏறி சி.எம்.சி.க்குப் போய்விடுகிற ஜனங்கள் நாம். அங்கே போட்ட ஃபைல் இரண்டு கிலோ தேறும். போர்டு டாக்டர் அதைப் புரட்டிப் பார்க்கலாம், மதிக்கலாம். ஆனால் சர்டிபிகேட்டுக்கு அது ஈடாகாது. இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை இன்னொன்றுக்குப் பதிலாக நீட்டாதீர்கள். ஒரிஜினலை எந்த மேஜையிலும் விட்டுவிட்டு வராதீர்கள்.

பள்ளியில் இந்த எண்ணை வைத்து விளையாடுவார்கள். "சதரம்ல 40 இல்லியேம்மா, எப்படி வசதி பண்றது?" மாதம் 6,000 ரூபாய் பென்ஷனுக்கு 40 வேண்டும். 18 வயது வரை இலவசக் கல்வி என்ற உரிமைக்கு 40 வேண்டும். ஆனால் பாகுபாடு இல்லாமல் சேர்த்துக்கொள்வதற்கும், பிள்ளைக்கு ஏற்ற சிறு மாற்றங்கள் செய்து கொடுப்பதற்கும் சட்டம் சதவீதம் கேட்கவில்லை. எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் நோய் உள்ள விகாஷ் குமார் என்பவருக்கு, 40 சதவீதம் இல்லை என்று யூ.பி.எஸ்.சி. தேர்வில் சொல்வதை எழுதும் ஆள் மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரி 11-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் காரணம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பை நீங்கள் படிக்கவேண்டியதில்லை. முதல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் மேலாக வையுங்கள். படிக்காத காகிதத்துக்குத்தான் ஆபீஸில் மதிப்பு.

நாலு எழுத்து, ஒரு பிள்ளை

1960 ஏப்ரல் 1-இல் ஆந்திர எல்லை மாறித் திருத்தணி மதராஸ் மாநிலத்துக்குப் போனது. நகரியும் சத்தியவேடும் குப்பமும் இந்தப் பக்கம். அந்த எல்லைக்காக ம.பொ.சி. போராடியதெல்லாம் பழைய கதை. அந்தக் கோட்டின் பலனை இன்றைக்கு அனுபவிப்பது மூன்றாம் வகுப்பில் வாசிக்கத் திணறும் பிள்ளை. வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, வகுப்பில் இங்கிலீஷ், அதற்குமேல் இந்தி. தமிழில் ஒரே ஒரு க. தெலுங்கில் அதற்கு நாலு, இந்தியில் இன்னொரு நாலு. சாதாரணப் பிள்ளையே மூச்சு வாங்கும் இடத்தில், டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்துகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ரிப்போர்ட் கார்டில் 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் வரும்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது: இரண்டாவது, மூன்றாவது மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு தருமாறு பாடத்திட்டத்தையும் தேர்வையும் மாற்றி அமைக்க வேண்டும் என்று. எல்லையில் குடியிருக்கிற பிள்ளைக்காகவே எழுதியது போல இருக்கும். இதை எடுத்து நீட்டினால், "ரூல்ஸ் ஒத்துக்காதும்மா" என்பார்கள். எந்த ரூல், நம்பர் என்ன என்று கேளுங்கள். பிறகு மூலமந்திரம்.

இன்னொரு அறிவுரை வரும், அதை மட்டும் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டுவிடுங்கள். "வீட்டுல தமிழ் பேசறத நிறுத்துங்க. ஒரே பாஷை பேசினாத்தான் பிள்ளைக்குப் பேச்சு வரும்." ஆட்டிசம் உள்ள பிள்ளையோ, பேச்சு தாமதமான பிள்ளையோ, இரண்டு மொழி கேட்டு வளர்வதால் கெட்டுப்போகிறது என்று ஆய்வுகள் சொல்லவில்லை. இந்த அறிவுரையைக் கேட்ட வீட்டில் நடப்பது வேறு. தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி பேரனோடு பேசப் பயந்துகொண்டு வாயை மூடிவிடுகிறாள். அப்பாவும் அம்மாவும் தங்களுக்கே சரியாக வராத இங்கிலீஷில் 'கம், சிட், ஈட்' என்கிறார்கள். நாள் முழுக்கப் பேச்சு காதில் விழவேண்டிய பிள்ளைக்கு மூன்று சொல் மிச்சமாகிறது.

மாடிப்படியும் கக்கூஸும்

பள்ளியைப் பார்க்கப் போகும்போது ஸ்மார்ட் போர்டைக் காட்டுவார்கள். பாருங்கள், நல்ல மாதிரி வியந்துகொள்ளுங்கள். அப்புறம், "கக்கூஸ் எங்க சார் இருக்கு?" என்று கேளுங்கள். ஆபீஸ் பக்கத்தில் இருக்கும் விருந்தாளிகள் கக்கூஸைக் காட்டுவார்கள். பிள்ளைகளுடையதைக் கேளுங்கள். இங்கேதான் ஒரு பள்ளியின் யோக்கியதை தெரியும்.

சில இடங்களில் சரிவுப் பாதை இருக்கும். போய் நின்று பாருங்கள். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளச் சரிவு என்பது கணக்கு. நம் பள்ளிகளில் சிலதைப் பார்த்தால் நாற்காலியை ஏற்றுவதற்குக் கட்டியதா, உருட்டிவிடுவதற்கா என்று சந்தேகம் வரும். சரிவு ஏறி முடிகிற இடத்தில் ஒரு படி வைத்திருப்பார்கள். மேஸ்திரிக்குப் பழக்கம், கை நிற்காது. கைப்பிடி வைத்த வெஸ்டர்ன் டாய்லெட் ஒன்று இருக்கும், அதற்குப் பூட்டும் இருக்கும். உள்ளே கேரம் போர்டு, கொடிக்கம்பம், போன வருஷ ஆண்டு விழா பேனர். சாவி டிரில் மாஸ்டரிடம். அவர் லீவு.

சக்கர நாற்காலியில் போகிற எட்டாம் வகுப்புப் பெண் காலையில் தண்ணீர் குடிக்காமல் போகிறாள். மத்தியானமும் குடிப்பதில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து குடிக்கிறாள். சித்தூர் வெயிலில். இதைப் பற்றி எந்தத் தலைமை ஆசிரியரிடம் கேட்டாலும், "அந்தப் பொண்ணு ரொம்ப அமைதிங்க, எந்தத் தொந்தரவும் இல்லை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. மாதவிடாய் நாட்களில் அவள் வருவதே இல்லை. அட்டெண்டன்ஸ் குறைவு என்று நோட்டீஸ் வரும்போது வீட்டாருக்குக் காரணம் சொல்ல வாய் வராது. நீங்கள்தான் சொல்ல வேண்டும், மனுவில், வெட்கப்படாமல், அதே வார்த்தையில். தொல்லை பிடித்த அம்மாவின் கல்யாண குணங்களில் தலையாயது இது.

மாடிப்படி விஷயம் இதைவிடச் சுலபம், அதனால்தான் யாரும் செய்வதில்லை. பிள்ளை நான்காம் வகுப்புக்குத் தேறிவிடுகிறது. நான்காம் வகுப்பு மாடியில். "லிஃப்ட் வைக்க பட்ஜெட் இல்லம்மா, டி.சி. வாங்கிக்குங்க." யார் லிஃப்ட் கேட்டது? கீழே இருக்கும் இரண்டாம் வகுப்பை மேலே அனுப்பிவிட்டு நான்காம் வகுப்பைக் கீழே இறக்கினால் முடிந்தது. கதவுமேல் இருக்கும் இரண்டு அட்டையை மாற்றி மாட்ட வேண்டும், செலவு இரண்டு ஆணி. சட்டம் நியாயமான வசதி என்று சொல்வது இதைத்தான். திருமலையில் தினமும் அத்தனை ஆயிரம் பேர் வரும் இடத்தில், நிற்க முடியாதவர்களுக்குத் தனி வரிசை வைத்திருக்கிறார்கள். ஏழுமலையான் தன் நேரத்தை ஒழித்துக் கொடுக்கிறார். கீழே ஊரில் நான்காம் வகுப்பு 'பி' செக்ஷன் இறங்கி வர மறுக்கிறது.

டீச்சரை உங்கள் பக்கம் இழுத்தல்

தொல்லை பிடித்தவர்கள் செய்யும் பெரிய தவறு, வகுப்பு டீச்சரோடு சண்டை போடுவது. நாற்பது பிள்ளைகள், மதிய உணவுக் கணக்கு, செல்போன் ஆப்பில் போட்டோ ஏற்றும் வேலை, நடுவில் உங்கள் பிள்ளை. அவருக்கு இதில் யாரும் பயிற்சி தந்திருக்க மாட்டார்கள். "எங்ககிட்ட ஸ்பெஷல் டீச்சர் இல்லம்மா" என்று அவர் சொல்வது சாக்கு அல்ல, பெரும்பாலும் உண்மை. அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட 10 பிள்ளைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் வகுப்புகளில் 15 பேருக்கு ஒருவர் என்று சிறப்பு ஆசிரியர் வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபர் 28-இல் சொல்லியிருக்கிறது. ஆக, "நீங்களே அதை டி.ஈ.ஓ.வுக்கு (மாவட்டக் கல்வி அதிகாரிக்கு) எழுதுங்க சார், கீழே நானும் கையெழுத்துப் போடறேன்" என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். அரசுப் பள்ளியில் பலர் எழுதுவார்கள். அவர்களும் எத்தனை நாளைக்குத்தான் இல்லாத டீச்சரை வைத்துப் பள்ளி நடத்துவது?

மண்டலத்தில் பவிதா சென்டர் என்று ஒன்று உண்டு. சமக்ர சிக்ஷா நடத்துவது. சிறப்புப் பிள்ளைகளுக்கான ரிசோர்ஸ் டீச்சர் அங்கே இருப்பார், எழுந்து வர முடியாத பிள்ளைகளின் வீட்டுக்கும் போவார். நல்ல ஏற்பாடு. ஆனால் பெயர் பள்ளி ரெஜிஸ்டரில், பிள்ளை வீட்டுத் திண்ணையில் என்று ஆகிவிடும் அபாயமும் இதில்தான். வீட்டிலிருந்து படிப்பது, கடுமையான குறைபாடு உள்ள பிள்ளை வேண்டுமென்றால் தேர்ந்தெடுக்கலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 2012-ஆம் வருஷத் திருத்தம் கொடுத்த உரிமை. பள்ளி தன் சௌகரியத்துக்குத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல. ரிசோர்ஸ் டீச்சர் எந்தெந்தத் தேதியில் வந்தார் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். ஆந்திரத்தில் கிராம அளவில் கட்டணம் இல்லை, மண்டல அளவில் 5 ரூபாய், அதற்கு மேல் 10. பதிலுக்கு 30 நாள் கெடு. மண்டலக் கல்வி அதிகாரி (எம்.ஈ.ஓ.) ஆபீஸில் ஒரு தொல்லையை ஐந்து ரூபாய்க்குக் கொடுக்க முடிகிற சட்டம் வேறெதுவும் இல்லை.

துணைக்கு ஆள்

தனியாகப் போகாதீர்கள். கணவரை அழைத்துப்போங்கள். அவர் பேசவேண்டியதில்லை, பேசாமல் இருந்தால் இன்னும் நல்லது. மூன்று வருஷமாக உங்களை நிற்கவைத்துப் பேசிய ஆபீஸில், அயர்ன் பண்ணிய சட்டையோடு ஓர் ஆண் நுழைந்ததும் நாற்காலி வரும். அவரை அதில் உட்காரவைத்துவிட்டு நீங்கள் பேசுங்கள்.

அதைவிட நல்ல துணை இன்னொரு அம்மா. நீங்கள் சண்டை போட்ட கோபத்தைப் பிள்ளைமேல் காட்டிவிடுவார்களோ என்ற பயம்தான் முக்கால்வாசிப் பேரை நல்ல மாதிரியாகவே வைத்திருக்கிறது. நியாயமான பயம். ஒரு அம்மா வந்தால் அது அவருடைய பிள்ளையின் பிரச்சினை. ஐந்து அம்மா ஒரே மனுவோடு வந்தால் பள்ளியின் பிரச்சினை, எந்தப் பிள்ளைமேல் கோபப்படுவது என்பது தெரியாமல் போய்விடும். சென்னையில் மூளை முடக்குவாதம் உள்ள மகனுக்கு இடம் தேடிய பூனம் நடராஜன் என்ற அம்மா 1985-இல் தொடங்கிய சிறிய இடம்தான் இன்றைய வித்யாசாகர் நிறுவனம். நீங்கள் நிறுவனம் தொடங்கவேண்டாம். பிசியோதெரபிக்குக் காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போன் நம்பர் வாங்குங்கள்.

திங்கட்கிழமை

பள்ளியில் நடக்காதது எம்.ஈ.ஓ.விடம், அங்கே நடக்காதது டி.ஈ.ஓ.விடம், அதுவும் இல்லையென்றால் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் அர்ஜி. முதலில் எந்தக் கலெக்டர் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 ஏப்ரல் 4-இல் திருப்பதி தனி மாவட்டமானபோது நகரி சித்தூரோடு நின்றது, பக்கத்துப் புத்தூர் திருப்பதிக்குப் போனது. அர்ஜிக்கு நம்பர் வாங்குங்கள். சில நாளில், 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று செல்போனில் மெசேஜ் வந்தாலும் வரலாம். எப்படித் தீர்ந்தது என்று தெரிந்துகொள்ள உங்களுக்கு ஆவல் இருக்காதா? அடுத்த திங்கட்கிழமை அந்த மெசேஜையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

மாநில அளவில் மாற்றுத்திறனாளிகள் ஆணையர் இருக்கிறார். விசாரணையில் ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் சிவில் கோர்ட்டுக்கு உள்ள அதிகாரம் சட்டப்படி அவருக்கு உண்டு. அவ்வளவு தூரம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம், தபால் போதும். ஸ்டாம்ப் வாங்கிய நகல்களையெல்லாம் இத்தனை நாள் சேர்த்தது இந்தக் கவருக்காகத்தான்.

பத்தாம் வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் ஆள் எல்லாம் பரீட்சை ஹாலில் கேட்டுக் கிடைப்பதில்லை. சி.பி.எஸ்.இ.யில் ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிஷம் கூடுதல் உண்டு. மாநில போர்டிலும் சலுகைகள் உண்டு. எங்கே படித்தாலும் பத்தாம் வகுப்பு தொடங்கும்போதே மனு போய்விட வேண்டும். மார்ச் மாதம் அழுதால் அனுதாபம் கிடைக்கும், எழுதும் ஆள் கிடைக்க மாட்டார்.

ஆந்திரத்தில் பள்ளிகள் ஜூன் இரண்டாவது வாரம் திறக்கின்றன. கீழ்த்தள வகுப்பு, கக்கூஸ் சாவி, மொழி விலக்கு, ரிசோர்ஸ் டீச்சர் வரும் நாள்: உங்கள் பிள்ளைக்கு எது வேண்டுமோ அதை மே மாதமே எழுதி, இரண்டு நகல் எடுத்து வையுங்கள். திறக்கிற அன்றைக்குக் காலையில் ஸ்டாம்ப் வாங்கிவிடலாம்.